விசா வரும்வரை எல்லையைத் தாண்டலாமா? ஒரு கேள்வியின் 140 ஆண்டு வரலாறு

அமெரிக்க விசாவுக்கு மனு போட்டவர்களுக்கு டிஎஸ்-160 என்ற இணையப் படிவம் தெரிந்திருக்கும். பக்கம் பக்கமாகக் கேள்விகள். நடுவில் ஓரிடத்தில், உங்களுக்காக யாராவது எப்போதாவது குடியேற்ற மனு தாக்கல் செய்திருக்கிறார்களா என்று ஒரு கேள்வி வரும். ஆம், இல்லை என்று இரண்டே பதில்கள். பெரும்பாலானவர்கள் 'இல்லை'யை அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

கல்யாணம் முடிந்து, கணவர் அங்கே ஐ-130 மனு போட்டிருக்க, இங்கே ஊரில் காத்துக்கொண்டிருக்கும் மனைவிக்குத்தான் அந்த இடத்தில் கை நிற்கும். 'ஆம்' என்று உண்மையைச் சொன்னால் விசிட்டர் விசா கிடைப்பது கடினம். 'இல்லை' என்றால் அது பொய். பின்னால் தெரியவந்தால் ஆயுள் தடை வரைக்கும் போகலாம். அவர் கேட்பதோ சின்ன விஷயம். குடியேற்ற விசா வரும்போது வரட்டும், அதுவரை ரெண்டு வாரம் போய்ப் பார்த்துட்டு வரக் கூடாதா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்கச் சட்டம் வைத்திருக்கும் பதில், 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவில் இருக்கிறது. சென்னை அண்ணா சாலைத் தூதரகத்தில் விசா மறுக்கப்பட்டவர்கள் கையில் வாங்கிய தாளில் பார்த்திருப்பார்கள், அதே பிரிவுதான். விசா கேட்டு வரும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் நிரந்தரமாகத் தங்க வருபவர் என்றே அது அனுமானிக்கிறது. அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது வருபவரின் பொறுப்பு. ஹெச்-1பி, எல் போன்ற சில வகை விசாக்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு.

இப்போது ஐ-130 மனுவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாங்கள் கணவன் மனைவி, சேர்ந்து வாழப் போகிறோம், அனுமதி கொடுங்கள் என்பதுதான் அந்த மனு. அதாவது நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இருக்கிறது என்பதற்குக் கையெழுத்துப் போட்ட சாட்சி. சேர்வதற்காகக் கொடுத்த காகிதமே, அதுவரை பார்த்துக்கொள்ள முடியாமல் தடுக்கும் காகிதமாகவும் ஆகிவிடுகிறது. யாரோ ஒரு கடுமையான அதிகாரியின் மனப்போக்கு என்று இதைச் சொல்லிவிட முடியாது. இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

நடுக்கடலில் மாறிய சட்டம்

1882-இல் அமெரிக்கா சீனர் விலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தது. புதிதாகச் சீனக் கூலித் தொழிலாளர்கள் வரக் கூடாது. ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் ஊருக்குப் போய் வரலாம். போகும்போது துறைமுகத்தில் ஒரு திரும்பிவரும் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

1884-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கப்பல் வந்து நின்றது. சான்றிதழோடு சீனா போயிருந்த தொழிலாளி ஒருவர், அங்கே கல்யாணம் செய்துகொண்டு மனைவியோடு திரும்பியிருந்தார். மனைவி பெயர் ஆ மோய். கணவரிடம் சான்றிதழ் இருந்ததால் அவர் இறங்கலாம். மனைவி?

வழக்கு நீதிபதி ஸ்டீபன் ஃபீல்டிடம் போனது. தொழிலாளியை மணந்ததால் மனைவியும் தொழிலாளி வர்க்கத்தில் சேர்ந்துவிட்டாள், ஆகவே அவளுக்கும் தடை பொருந்தும் என்றது தீர்ப்பு. சரி, கணவரின் தகுதி அவளுக்கும் வருமென்றால் அவருடைய சான்றிதழும் செல்லுமா? அது செல்லாது, அவளுக்கென்று தனிச் சான்றிதழ் வேண்டும். அமெரிக்காவிலேயே இருந்திராதவள் அதை எங்கே போய் வாங்குவாள்? கல்யாணத்தால் தடை மட்டும் ஒட்டிக்கொண்டது, உரிமை ஒட்டவில்லை. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போவதற்குள் அவரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். ஆள் இங்கே இல்லை, இனி தீர்ப்பளிக்க ஒன்றுமில்லை என்று 1885-இல் கோப்பை மூடினார்கள்.

கையில் சான்றிதழ் வைத்திருந்த ஆண்களாவது தப்பினார்களா என்றால் அதுவும் நெடுநாள் இல்லை. சே சான் பிங் என்ற தொழிலாளி 1875 முதல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்தவர். 1887 ஜூனில் முறையாகச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். 1888 செப்டம்பரில் ஹாங்காங்கில் கப்பலேறினார். அவர் கடலில் இருந்தபோது, அக்டோபர் 1-ஆம் தேதி, ஸ்காட் சட்டம் கையெழுத்தானது. ஏற்கெனவே கொடுத்த திரும்பிவரும் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே நாளில் செல்லாமல் போயின. வெளிநாட்டில் இருந்த சுமார் 20,000 பேர் கையில் வெறும் தாள்தான் மிஞ்சியது. அக்டோபர் 8 அன்று கரைக்கு வந்த சே சான் பிங்கை இறங்க விடவில்லை.

1889-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. யாரை உள்ளே விடுவது என்பது இறையாண்மை சார்ந்த அதிகாரம். கொடுத்த அனுமதியை அரசு எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், நீதிமன்றம் தலையிடாது. எழுதியவர் அதே ஃபீல்ட்தான். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் அஸ்திவாரம் என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருப்பது இந்தத் தீர்ப்பு.

பன்னிரண்டு வருஷம் வாழ்ந்த வாழ்க்கை ஒரு பயணத்தில் கணக்கில்லாமல் போனது. உள்ளே இருந்தபடியே இருந்திருந்தால் இந்தச் சட்டம் அவரைத் தொட்டிருக்காது. வெளியே போய் வாசலுக்குத் திரும்பி வந்ததுதான் அவர் செய்த காரியம். இந்த 'வாசல்' விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் மீண்டும் வரும்.

குடிமகனின் மனைவி, வியாபாரியின் மனைவி

1924-ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்கக் குடிமக்களின் மனைவிமார்களுக்கு ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்கு வெளியே இடம் கொடுத்தது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டம், குடியுரிமை பெற இனரீதியாகத் தகுதியற்றவர்கள் குடியேற முடியாது என்றும் சொன்னது. அன்றைய சட்டப்படி சீனர்களும் ஜப்பானியர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 1923-இல் வந்த பகத் சிங் திந்த் தீர்ப்புக்குப் பிறகு இந்தியர்களும்.

1925 மே 25 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளை ஒன்றாக வெளியிட்டது. ஒன்றில், அமெரிக்கக் குடிமக்களான சீன வம்சாவளியினரின் சீன மனைவிகள் உள்ளே வர முடியாது. இன்னொன்றில், அமெரிக்காவில் கடை வைத்திருக்கும் சீன வியாபாரிகளின் மனைவிகள் வரலாம், ஏனென்றால் 1880-ஆம் ஆண்டு ஒப்பந்தம் வியாபாரிகளைப் பாதுகாக்கிறது. கணவன் சொந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் மனைவிக்கு இடமில்லை, அயல்நாட்டு வியாபாரியாக இருந்தால் இடமுண்டு. இந்தத் தலைகீழ் நிலையை ஓரளவு சரிசெய்ய ஐந்து வருஷம் ஆனது. 1930-இல் வந்த திருத்தமும் 1924 மே 26-க்கு முன்னால் கல்யாணமானவர்களுக்கு மட்டும்தான். அதற்குப் பின்னால் தாலி கட்டியிருந்தால் கிடையாது.

எல்லிஸ் தீவில் இரண்டு பேர்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிலைமை கொஞ்சம் இளகியது. வெளிநாட்டில் மணமுடித்த படைவீரர்கள் மனைவியை அழைத்துவர வசதியாக 1945 டிசம்பர் 28 அன்று போர்மணப்பெண்கள் சட்டம் வந்தது. அதை நம்பி வந்தவர்களில் ஒருவர் எலன் நாஃப். ஜெர்மனியில் பிறந்தவர், போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் வேலை பார்த்தவர், பிறகு ஜெர்மனியில் அமெரிக்கப் போர்த்துறையிலேயே வேலை செய்தவர். 1948-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் ஒருவரை மணந்துகொண்டு, ஆகஸ்டில் நியூயார்க் வந்து சேர்ந்தார். எல்லிஸ் தீவில் நிறுத்திவிட்டார்கள்.

என்ன காரணம்? சொல்ல மாட்டோம், ரகசியம். விசாரணையும் கிடையாது. 1950 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. காங்கிரஸ் வகுத்த நடைமுறை எதுவோ, வாசலில் நிற்பவருக்கு அதுதான் உரிய நீதி என்பது தீர்ப்பின் சாரம். நீதிபதி ராபர்ட் ஜாக்சன் கடுமையாக மாறுபட்டார். அந்த ஆண்டு மே மாதம் எலனை விமானமேற்றி அனுப்பப் போன நேரத்தில், அதை நிறுத்தி ஆணையிட்டவரும் அவர்தான். பத்திரிகைகள் விடாமல் எழுதின. கடைசியில் 1951-இல் விசாரணை நடந்தது, குற்றச்சாட்டுக்குப் போதிய ஆதாரமில்லை என்று முடிவானது. அந்த நவம்பரில்தான் அவர் உள்ளே போனார். கப்பலிலிருந்து இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அதே தீவில் அப்போது இக்னாட்ஸ் மெசே என்பவரும் இருந்தார். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 25 வருஷம் வாழ்ந்தவர். மனைவியும் வீடும் அங்கேதான். 1948-இல் ருமேனியாவில் சாகக் கிடந்த தாயைப் பார்க்கக் கிளம்பினார். ருமேனியா அவரை உள்ளே விடவில்லை. ஹங்கேரியில் 19 மாதம் மாட்டிக்கொண்டார். ஒருவழியாக புடாபெஸ்ட்டில் அமெரிக்கத் தூதரகத்திலிருந்து குடியேற்ற விசாவே வாங்கிக்கொண்டு 1950 பிப்ரவரியில் நியூயார்க் வந்தார். ரகசியக் காரணத்துக்காக அனுமதி மறுப்பு. திருப்பி அனுப்பினால் பிரான்ஸும் பிரிட்டனும் ஏற்கவில்லை. அவர் எழுதிக் கேட்ட லத்தீன் அமெரிக்க நாடுகளும் மறுத்துவிட்டன. உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் போக முடியாது.

1953-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உடல் எல்லிஸ் தீவில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் எல்லைக்கு வெளியேதான் நிற்கிறார் என்பது வாதம். 25 வருஷம் குடியிருந்ததும் பஃபலோவில் மனைவி காத்திருந்ததும் எடுபடவில்லை. 1954 ஆகஸ்டில், தீவின் தடுப்பு மையம் மூடப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு, அரசே அவரை விடுவித்தது. அதுவும் 'பரோல்' என்ற பெயரில். பரோல் என்றால் இங்கே சிறை விடுப்பு இல்லை. உள்ளே நடமாட விடுகிறோம், ஆனால் சட்டப்படி நுழைய அனுமதித்ததாக எண்ணிக்கொள்ளாதே என்று அர்த்தம்.

அமெரிக்காவுக்குள் இருந்தபடி கிரீன் கார்டுக்கு மனு போட்டுவிட்டு இந்தியா போய்வர நினைப்பவர்கள் கேட்டு வாங்கும் 'அட்வான்ஸ் பரோல்' இருக்கிறதே, அதில் வருவதும் இதே பரோல்தான். அது இல்லாமல் கிளம்பினால், ஹெச்-1பி போன்ற சில வகையினர் தவிர மற்றவர்கள் மனுவைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும்.

இரண்டு மணி நேரப் பயணம்

நீதிமன்றம் எப்போதும் இறுக்கமாகவே இருந்ததா? இல்லை. 1956-இல் சுவிட்சர்லாந்துக்காரரான ஜார்ஜ் ஃப்ளூட்டி, கலிஃபோர்னியாவில் நிரந்தரக் குடியிருப்பு பெற்றவர், எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் என்செனாடா ஊருக்கு ஓரிரு மணி நேரம் போய்வந்தார். திரும்பி வந்ததைப் புதிய நுழைவாகக் கொண்டு அவரை வெளியேற்றப் பார்த்தது குடிவரவுத் துறை. 1963-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. குற்றநோக்கமில்லாத, சாதாரணமான, குறுகிய பயணத்தைப் புதிய நுழைவாகக் கொள்ளக் கூடாது என்றது. வாசலுக்கு வந்தவுடன் எல்லாமே முதலிலிருந்து என்ற கோட்பாட்டில் விழுந்த முதல் பெரிய விரிசல் இது என்று சொல்லலாம். ஆனால் இது ஏற்கெனவே கிரீன் கார்டு வைத்திருந்தவர்களுக்குத்தான். காத்திருந்த கணவன் மனைவிகளுக்கு இதில் ஒன்றுமில்லை.

கிரீன் கார்டு மாப்பிள்ளையின் சிக்கல்

1965-இல் இன அடிப்படையிலான நாட்டு ஒதுக்கீடு போனது. குடிமக்களின் துணைவர்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களின் துணைவர்களுக்கு வரம்பு உண்டு. அதாவது வரிசை உண்டு.

இதன் விளைவு நம்ம ஊர் வரைக்கும் வந்தது. 1990-களில் மென்பொருள் வேலைக்குப் போன ஒருவர் ஹெச்-1பி விசாவில் இருக்கும்போதே கல்யாணம் செய்துகொண்டால், மனைவி ஹெச்-4 விசாவில் சில வாரங்களில் போய்விடலாம். அதே ஆள் கிரீன் கார்டு வாங்கிய பிறகு ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டால், மனைவி வரிசையில் நின்று வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தற்காலிக வேலைக்காரர் மனைவியைக் கூட்டிப்போகலாம், நிரந்தரவாசி கூட்டிப்போக முடியாது! 1925-இன் வியாபாரியும் குடிமகனும் ஞாபகத்துக்கு வருகிறார்களா?

1996-இல் இன்னொரு பூட்டு விழுந்தது. அனுமதிக் காலம் தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கியவர் வெளியேறினால் மூன்று வருஷத் தடை, ஒரு வருஷமோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் பத்து வருஷம். 1997 ஏப்ரல் 1-லிருந்து கணக்கு. இதில் நுணுக்கம் என்னவென்றால், உள்ளே இருக்கும்வரை தடை ஆரம்பிக்காது, வெளியேறும்போதுதான் ஆரம்பிக்கும். குடிமகளை மணந்தவராகவே இருந்தாலும், எல்லையைக் கள்ளத்தனமாகத் தாண்டி வந்தவர் என்றால் குடியேற்ற விசாவுக்குப் பொதுவாகச் சொந்த நாட்டுத் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். போனால் தடை, போகாவிட்டால் விசா இல்லை. தடையிலிருந்து விலக்குக் கேட்கும் மனுவை வெளியேறும் முன்பே போடலாம் என்ற வசதி 2013-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வருஷம், அட்வான்ஸ் பரோலில் வயதான பெற்றோரைப் பார்க்க இந்தியா போய்வந்த ஒரு தம்பதியின் வழக்கில், அப்படிப் போவது பத்து வருஷத் தடையைத் தொடங்கிவைக்கும் வெளியேற்றம் ஆகாது என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது.

காத்திருப்பது ஒரு பிரச்சினை என்று சட்டமே ஒத்துக்கொண்ட தருணம் ஒன்று உண்டு. 2000 டிசம்பர் 21 அன்று கையெழுத்தான 'லைஃப்' சட்டம். அது 'வி' என்று ஒரு புது விசாவை உண்டாக்கியது. கிரீன் கார்டுக்காரர் துணைவருக்காகப் போட்ட மனு மூன்று வருஷத்துக்கு மேல் கிடப்பில் இருந்தால், துணைவர் அமெரிக்காவுக்கு வந்து, கூடவே வாழ்ந்து, வேலையும் பார்த்துக்கொண்டு மிச்சத்தைக் காத்திருக்கலாம். குடிமக்களின் துணைவர்களுக்கு 'கே-3' என்று இன்னொன்று. ஆனால் 'வி' விசாவில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்த டிசம்பர் 21-க்குள் மனு போட்டிருக்க வேண்டும். அன்றைய வரிசை தீர்ந்ததும் விசாவுக்கு ஆளில்லாமல் போனது. 'கே-3' சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் அருகிவிட்டது.

இன்று வாசலில்

கனடாக்காரர்களுக்குச் சுற்றுலா போக அமெரிக்க விசா தேவையில்லை. அதனால் அவர்களுக்கு இந்தச் சோதனை தூதரகத்தில் நடக்காமல் விண்ட்சர்-டெட்ராய்ட் பாலத்தில் நடக்கிறது, அல்லது அமெரிக்க அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் டொராண்டோ விமான நிலையத்திலேயே நடக்கிறது. யாரைப் பார்க்கப் போறீங்க, எத்தனை நாள், கனடாவில் வேலை இருக்கா, வாடகை வீடு இருக்கா? மனு நிலுவையில் இருக்கும்போது துணைவரைப் பார்க்கப் போவது சட்டவிரோதம் இல்லை. பலர் போய்வருகிறார்கள், சம்பளச் சீட்டும் வாடகை ஒப்பந்தமும் கையோடு கொண்டுபோகிறார்கள். ஆனால் முடிவு அந்தக் கூண்டில் இருக்கும் அதிகாரியின் கையில். திரும்பிப் போகச் சொல்லலாம். 1996-இல் வந்த உடனடி வெளியேற்ற ஆணையைப் போட்டுவிட்டால் ஐந்து வருஷத் தடை.

2024 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கம் சேர்த்தது. லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த வழக்கறிஞர் சாண்ட்ரா முனோஸ், அமெரிக்கக் குடிமகள். 2010-இல் எல் சால்வடாரைச் சேர்ந்தவரை மணந்தார். குடியேற்ற விசா நேர்காணலுக்காக 2015-இல் கணவர் எல்லையைத் தாண்டிச் சொந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போனார். விசா மறுக்கப்பட்டது. உடம்பில் இருந்த பச்சைகுத்தலைப் பார்த்து, குற்றக் கும்பலைச் சேர்ந்தவர் என்று சந்தேகப்பட்டார்கள் என்பது வழக்கு நடந்தபோதுதான் தெரிந்தது. தான் அப்படிப்பட்டவன் இல்லை என்கிறார் அவர். அவர் அமெரிக்காவை விட்டுக் கிளம்பி ஒன்பது வருஷம் கழித்து வந்த தீர்ப்பு 6-3. கல்யாணம் செய்துகொள்ளும் உரிமை வேறு, துணைவரை நாட்டுக்குள் அனுமதிக்கக் கேட்பது வேறு. இரண்டாவதை அரசியல் சாசனம் அடிப்படை உரிமையாகக் காக்கவில்லை. இதற்கு முன்னுதாரணமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றில் எலன் நாஃப் வழக்கும் ஒன்று.

எல்லைக் கட்டுப்பாடு எந்த நாட்டுக்கும் தேவைதான். சுற்றுலா என்று சொல்லி வந்து தங்கிவிடுபவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த வழக்குகளில் வருபவர்களைப் பாருங்கள். சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனவர், விசா வாங்கிக்கொண்டு வந்தவர், நேர்காணலுக்குக் கூப்பிட்டதும் கிளம்பிப் போனவர். வாசல் வரை வந்து கேட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

மாற்ற முடியாத விதியும் இல்லை இது. 'வி' விசாவைக் கொண்டுவர ஒரு சட்டம் போதுமாக இருந்தது. 2013 ஜூனில் அமெரிக்க செனட் 68-32 என்ற வாக்கில் ஒரு பெரிய குடியேற்றச் சீர்திருத்த மசோதாவை நிறைவேற்றியது. கிரீன் கார்டுக்காரர்களின் துணைவர்களையும் வரம்பில்லாத பட்டியலில் சேர்ப்பது அதில் ஓர் அம்சம். கீழவையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. வரிசை அப்படியே இருக்கிறது, டிஎஸ்-160 படிவத்தில் அந்தக் கேள்வியும்.